கைவிடப்பட்ட ரயில் பாதையை அகற்றுவது எப்படி? மண் திட்டைக் காப்பாற்றி இரும்பை எடுக்கும் முழுமையான வழிகாட்டி

என் அப்பா கோலாலம்பூரின் செந்தூலில் குடியிருந்து தண்டவாளப் பராமரிப்புக் குழுவில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். கேங் என்றுதான் அந்தக் குழுவைச் சொல்வார்கள். பாதை எடுக்கும் வேலையைப் பற்றி அவர் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் ஒரே வரிதான்: போட்டவர்கள் சந்திப்பிலிருந்து கடைசி முனைக்குப் போட்டுக்கொண்டு போனார்கள், எடுப்பவர்கள் கடைசி முனையிலிருந்து சந்திப்புக்கு எடுத்துக்கொண்டு வர வேண்டும். சந்திப்பு என்றால் கிளைப் பாதை பெரிய பாதையோடு சேரும் இடம்.

அந்தப் பாடத்தை மீறினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்தேன். கோலாலம்பூருக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரமாகக் கிடந்த பழைய கிளைப் பாதையை ஒரு குத்தகையாளர் எடுத்தார். லாரி வந்து நிற்க வசதியாக இருந்ததால், நடுவில் சாலை கடக்கும் இடத்திலிருந்து தொடங்கினார். இரும்பு போயிற்று. மீதிப் பாதைக்குள் போக வேறு வழியில்லாமல் மண்வாரி இயந்திரங்கள் பாதையைத் தாங்கும் மண் திட்டின் மேலேயே ஏறி ஓடின. திட்டுக்கு அடியில் இருந்த பழைய மதகுகள் நொறுங்கின. அடுத்த மழைக்காலத்தில் பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) வீடுகளில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பழைய இரும்பு விற்ற பணம் யாருக்கோ போயிற்று. சேறு வழித்தது நம் மக்கள்.

இந்த வழிகாட்டியை இரண்டு தரப்புக்காக எழுதுகிறேன். இப்படிப்பட்ட வேலையைக் கிளைக் குத்தகையாக எடுக்கும் நம் ஆட்கள் முதல் தரப்பு. பாதையோரம் குடியிருக்கும் குடும்பங்கள், கோவில் நிர்வாகத்தினர், குடியிருப்பாளர் சங்கத்தினர் இரண்டாம் தரப்பு. வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் இரண்டு தரப்பும் சரியான நேரத்தில் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

முதல் படி: பாதை யாருடையது, அது செத்துவிட்டதா?

புல் முளைத்துக் கிடக்கிறது என்பதற்காக எந்தப் பாதையும் கேட்பாரற்றதாகிவிடாது. 1992-இல் மலாயன் ரயில்வே நிறுவனமயமானபோது, ரயில்வே நிலமும் தண்டவாளங்களும் ரயில்வே சொத்துக் கழகத்தின் பொறுப்புக்கு வந்தன. ரயில் ஓட்டுவது கேடிஎம் நிறுவனம். ஆகவே முதல் கடிதம் சொத்துக் கழகத்துக்கு, அதன் நகல் கேடிஎம்முக்கு, இன்னொரு நகல் மாவட்ட நில அலுவலகத்துக்கு. எழுத்தில் அனுமதி வருவதற்கு முன் ஒரு போல்ட்டைக்கூடத் தொடக் கூடாது. தொட்டால் அது திருட்டு.

அந்தக் கடிதத்தில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. பாதை நிரந்தரமாக மூடப்பட்டதா, அல்லது சேவை மட்டும் நிறுத்தப்பட்டிருக்கிறதா? இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 1891-இல் திறக்கப்பட்ட சிரம்பான் – போர்ட்டிக்சன் பாதையில் ரயில் நின்று ஆண்டுகள் பலவாகின்றன. ஆனாலும் அதை மறுபடி ஓட்ட வேண்டும் என்ற பேச்சு அடங்கவில்லை. கோலாலம்பூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த எடுத்துக்காட்டு அம்பாங். அந்தப் பழைய கிளைப் பாதையின் தடத்தில்தான் 1996-இல் எல்ஆர்டி என்ற இலகு ரயில் ஓடத் தொடங்கியது. பத்துமலைக் கிளையில் 2010-இல் மின்சார ரயில் வந்தது. தைப்பூசத்துக்கு அதில் ஏறிப்போகும் லட்சக்கணக்கானோருக்கு அந்தக் கிளை பிழைத்துக் கிடந்ததன் அருமை தெரியும்.

ஆகவே என் உறுதியான கருத்து: தண்டவாளத்தை எடுங்கள், அது கிடந்த நிலத்தைத் துண்டு துண்டாக விட்டுவிடாதீர்கள். ஜப்பானியர் ஆட்சியில் கிழக்குக் கரைப் பாதையின் பெரும்பகுதியைப் பெயர்த்துச் சயாம் – பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளத்தோடு தோட்டப்புறத்துத் தமிழர்களையும் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சயாம் மரண ரயிலில் மாண்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் இருக்கிறார்கள். போர் முடிந்த பின் கிழக்குக் கரைப் பாதையை மறுபடி போட்டார்கள். அதே காலத்தில் பெயர்க்கப்பட்ட தம்பின் – மலாக்கா பாதை திரும்ப வரவே இல்லை. இன்று வரை மலாக்கா நகரத்துக்குள் ரயில் போவதில்லை.

இரண்டாம் படி: நடந்து பார்த்து எழுதுவது

அவசரக்காரர்கள் ஒரே நாளில் முடிக்கும் படி இது. நான் குறைந்தது மூன்று நடை கேட்பேன். முதல் நடை வெயில் நாளில், காலையில். இரண்டாவது, பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாள். மூன்றாவது, பாதையில் வேலை செய்த ஒரு முதியவரைக் கூட்டிக்கொண்டு.

நூறு மீட்டருக்கு ஓர் இடமாக நின்று, முன்னும் பின்னும் இடமும் வலமும் நான்கு படம் எடுங்கள். கைப்பேசியில் இடக்குறிப்பு பதிவாகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மைல் கல், கிலோமீட்டர் கல், எல்லைக் கல், மதகு, பாலம், மின்கம்பி, தண்ணீர்க் குழாய், யாரோ போட்ட காய்கறித் தோட்டம், கொட்டகை, கோவில் எல்லாம் பட்டியலில் வர வேண்டும். எல்லைக் கற்களை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிடுங்க விடாதீர்கள். பிற்காலத்தில் நிலத்துக்குச் சாட்சி சொல்லப்போவது அவைதான்.

மழைக்கு மறுநாள் நடக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரயில் திட்டு என்பது வயல்வெளிக்குக் குறுக்கே போட்ட நீண்ட அணை மாதிரி. ஒரு பக்கத்துத் தண்ணீர் மறுபக்கம் போக இன்ஜினியர்கள் ஆங்காங்கே மதகு வைத்தார்கள். பாதி மதகுகள் மண்ணுக்குள் மறைந்து, வரைபடத்திலும் இல்லாமல் கிடக்கும். வெயில் நாளில் நீங்கள் அதன் மேலேயே நின்றாலும் தெரியாது. மழைக்கு மறுநாள் தண்ணீர் சலசலத்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொன்றுக்கும் இரு முனையிலும் சிவப்புத் துணி கட்டிய மூங்கில் கழியை நட்டுவிடுங்கள்.

முதியவரோடு நடக்கும்போது ஒரு தாளும் அடுப்புக்கரியும் எடுத்துப்போங்கள். தண்டவாளத்தின் பக்கவாட்டில், தலைக்கும் அடிக்கும் நடுவே உள்ள மெல்லிய பகுதியில், உருட்டாலையில் உருட்டும்போதே பதித்த எழுத்துகள் புடைத்து நிற்கும். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, தாளை வைத்துக் கரியால் மெல்லத் தடவினால் ஒவ்வோர் எழுத்தாக எழுந்து வரும்: தயாரித்த ஆலையின் பெயர், எடை, ஆண்டு. முதல் முறை அப்படித் தடவி ஓர் ஆண்டைப் படித்தபோது என் அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டார். தன் தகப்பன் வேலைக்குச் சேருவதற்கு முன்பே வந்திறங்கிய இரும்பு அது என்று மட்டும் சொன்னார்.

தயவுசெய்து இந்தத் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1-இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஓடியது. அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து வேலைப்படை வந்தது. பாதை இப்போது இல்லை. போர்ட் வெல்ட் நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் கோலா செப்பெத்தாங்கில் நிற்கிறது. அதில் ஆங்கிலம், ஜாவி (அரபு எழுத்தில் மலாய்), சீனத்தோடு தமிழும் இருக்கிறது. யாரோ ஒருவர் அதைப் பழைய இரும்புக்குப் போடாமல் விட்டதால்தான் இன்று அதன் முன் நின்று நம் பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் பாதையில் பெயர்ப்பலகை, கைகாட்டியின் கை, டோக்கன் பெட்டி, கேட் விளக்கு என்று எது கிடைத்தாலும், வேலை தொடங்குவதற்கு முன்பே கழற்றி, பட்டியலிட்டு, தேசிய மரபுடைமை இலாகாவுக்கு எழுதிவிடுங்கள்.

மூன்றாம் படி: பாதையோரத்துக் கோவில்

எந்தப் பாதையிலும் ஒரு மரத்தடி இருக்கும். மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம், மஞ்சள் துணி. கேங் வேலையாட்கள் முனீஸ்வரருக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் கடப்பாரையைத் தொடுவார்கள். சிங்கப்பூர் குவீன்ஸ்டவுன் முனீஸ்வரன் ஆலயம், 1932-இல் ரயில்வே தொழிலாளர்கள் தண்டவாளத்தோரம் தொடங்கிய வழிபாட்டிலிருந்து வளர்ந்ததுதான்.

இத்தகைய கோவில்களுக்குப் பட்டா இருக்காது. சில இடங்களில் நிர்வாகக் குழுவும் இருக்காது. வெள்ளிக்கிழமை விளக்கேற்ற வரும் ஒரு பாட்டி மட்டுமே இருப்பார். மண்வாரி வந்து நிற்கும் நாளில் பேச்சைத் தொடங்கினால் அது சண்டையில்தான் முடியும். மூன்று மாதங்களுக்கு முன்பே போய் அந்தப் பாட்டியைப் பாருங்கள். “அம்மா, இந்தப் பாதையை எடுக்கப்போகிறார்கள், சாமிக்கு என்ன செய்யலாம் என்று கேட்க வந்திருக்கிறோம்” என்று சொல்லுங்கள். தண்டவாளம் கிடக்கும் இடத்திலிருந்து கோவில் பத்தடி தள்ளி இருந்தால் அதைத் தொட வேண்டிய தேவையே இல்லை. வேலி கட்டி, தூசு படாமல் தார்ப்பாய் மறைப்புப் போட்டால் போதும். நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால், குருக்களை வைத்துப் பாலாலயம் செய்து, புதிய இடம் எது என்பதை நில அலுவலகத்தின் கடிதத்தில் எழுதி வாங்கிய பிறகே நகர்த்த வேண்டும். வாய்வார்த்தையை நம்பி நகர்த்திய கோவில்கள் நடுத்தெருவுக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மரத்தை வெட்டாதீர்கள். திட்டுச் சரிவைப் பிடித்துக்கொண்டிருப்பதே அதன் வேராக இருக்கலாம்.

நான்காம் படி: கணக்கு

கணக்குத் தெரிந்தவரை ஏமாற்ற முடியாது. தண்டவாளத்தின் எடையைக் கெஜத்துக்கு இத்தனை பவுண்டு என்று சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 80 பவுண்டுத் தண்டவாளம் மீட்டருக்கு ஏறக்குறைய 40 கிலோ. ஒரு கிலோமீட்டர் பாதையில் இரண்டு வரிசை, ஆக 2,000 மீட்டர் தண்டவாளம். எடை 80 டன்னுக்குச் சற்றுக் குறைவு. 60 பவுண்டு என்றால் 60 டன் அளவில் வரும்.

ஒவ்வொரு துண்டும் 12 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 166 இணைப்புகள். இணைப்புக்கு இரண்டு பிஷ் பிளேட் (இரு துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் இரும்புப் பட்டை), நான்கு போல்ட்: 332 பிளேட், 664 போல்ட். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்காகக் கிடக்கும் சிலிப்பர் கட்டைகளை 65 சென்டிமீட்டர் இடைவெளியில் போட்டிருந்தால் 1,500-க்கு மேல். கட்டைக்கு நான்கு ஆணி என்று பார்த்தால் ஆறாயிரத்தைத் தாண்டும். இந்த ஆறாயிரம் ஆணியையும் பொறுக்கி எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எழுதாவிட்டால் பாதி மண்ணிலேயே கிடக்கும். பிறகு நடைபாதை ஆனாலும் மேய்ச்சல் நிலம் ஆனாலும், மாட்டின் குளம்பிலும் பிள்ளைகளின் காலிலும் ஏறும்.

தேய்மானமும் துருவும் எடையைக் குறைக்கும். ஆகவே கணக்கை மேல் வரம்பாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு லாரிக்கும் எடைமேடைச் சீட்டு வாங்குங்கள்.

ஐந்தாம் படி: ஓடும் பாதையிலிருந்து பிரிப்பது

கிளை சந்திப்பில் சேரும் இடத்தை கேடிஎம் ஆட்கள் மட்டுமே தொட வேண்டும். அங்கே தலைக்கு மேல் 25,000 வோல்ட் மின்கம்பி போகலாம். அவர்கள் பாதையைத் துண்டித்து முட்டுக்கட்டை வைத்து, எழுத்தில் ஒப்படைத்த பிறகு உங்கள் எல்லை தொடங்குகிறது.

ஆறாம் படி: கழற்றுவது

புல் வெட்டுவதில் தொடங்கும். லாலாங் புல் இடுப்பளவு நிற்கும் இடத்தில் குளவிக்கூடும் பாம்பும் இருக்கும். நீளக் காலணியும் தடிமனான கால்சட்டையும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். ஓடைக்குப் பக்கத்தில் களைக்கொல்லி அடிக்காதீர்கள்.

இப்போது அப்பாவின் பாடத்துக்கு வருகிறோம். கடைசி முனையில் தொடங்கினால், கழற்றிய இரும்பை இன்னும் கழற்றாத தண்டவாளத்தின் மேலேயே தள்ளுவண்டியில் ஏற்றிச் சந்திப்புப் பக்கம் கொண்டுவரலாம். திட்டின் மேல் லாரி ஏறாது, மண் அமுங்காது, மதகு நொறுங்காது. பாதை தன்னைத் தானே சுமந்துகொண்டு வெளியேறும். தண்டவாளம் மிகவும் கெட்டு, கட்டைகள் மக்கிப்போய் வண்டி ஓடாது என்ற நிலை இருந்தால், சாலை வந்து தொடும் இடங்களைக் கணக்கிட்டுப் பாதையைப் பகுதிகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் சாலைக்கு மிகத் தொலைவான முனையில் ஆரம்பியுங்கள். மதகின் மேல் இயந்திரம் போக நேர்ந்தால் தடிமனான இரும்புத் தகடு போட்ட பிறகே போக வேண்டும்.

நேரம் மிகவும் முக்கியம். இணைப்பு துருப்பிடித்து இறுகிய தண்டவாளம் வெயிலில் நீள முடியாமல் தனக்குள்ளேயே அழுத்தத்தை வைத்துக்கொண்டிருக்கும். மதியம் இரண்டு மணிக்கு, கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்போது, பக்கவாட்டைப் பிடித்திருக்கும் ஆணிகளைத் தளர்த்தினால் வில்லிலிருந்து விடுபட்ட நாண் மாதிரி பக்கவாட்டில் துள்ளும். அரை டன் எடையுள்ள இரும்பு. என் அப்பாவின் நண்பர் ஒருவர் வாழ்நாள் முழுவதும் நொண்டி நடந்ததற்குக் காரணம் அப்படிப்பட்ட ஒரு மதியம். காலை ஏழு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் தளர்த்தும் வேலையை முடியுங்கள். மதியத்தில் அடுக்குவது, எண்ணுவது, ஏற்றுவது.

வரிசை இப்படிப் போகும். முதலில் பிஷ் பிளேட் போல்ட்களுக்கு முந்தைய நாளே எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். காலையில் நட்டுகளைத் திருகி எடுங்கள். அசையாதவற்றை நட்டு பிளக்கும் கருவியால் பிளக்கலாம். கேஸ் தீயால் வெட்டுவதைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய தண்டவாளம் மறுபயன்பாட்டுக்கு உதவாது, பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். தவிர, தீப்பொறி காய்ந்த லாலாங்கில் விழுந்தால் கட்டுக்கடங்காது. சிலாங்கூரின் கரிச் சதுப்பு நிலங்களில் தீ மண்ணுக்கு அடியில் இறங்கிவிடும். மேலே அணைந்த மாதிரி தெரிந்து நாள்கணக்கில் புகையும்.

இணைப்பு விடுபட்ட பிறகு, நுனி பிளந்த கடப்பாரையால் ஆணிகளைப் பிடுங்கிப் பீப்பாயில் போடுங்கள். பிறகு தண்டவாளத்தைத் தூக்குங்கள். இரண்டு இடத்தில் பிடி கொடுத்து, மண்வாரியின் கையில் தூக்கு உத்திரம் மாட்டி, நிதானமாகத் தூக்க வேண்டும். ஒரே இடத்தில் சங்கிலி போட்டால் சுழலும். தூக்கும்போது அந்தத் துண்டின் நீள அளவுக்குச் சுற்றிலும் ஆள் நிற்கக் கூடாது. குரல் கொடுப்பவர் ஒருவர்தான். இரண்டு பேர் கத்தினால் இயந்திரம் ஓட்டுபவர் குழம்பிப்போவார். பழைய கேங்கில் கங்காணியின் ஒரே குரலுக்கு எல்லாரும் சேர்ந்து தூக்கியது இதனால்தான்.

ஏழாம் படி: சிலிப்பர் கட்டைகள்

செங்கால் மாதிரியான கடின மரக் கட்டை நூறு மழையைப் பார்த்தும் உள்ளே சிவப்பாக இருக்கும். அதை வாங்க ஆள் வரிசையில் நிற்பார்கள். ஆனால் எல்லாக் கட்டையும் அப்படி இல்லை. கரிய, பிசுபிசுப்பான, தார் நாற்றம் அடிக்கும் கட்டைகள், மரம் மக்காமல் இருக்க கிரியோசோட் எண்ணெய் ஊட்டப்பட்டவை. அந்த எண்ணெய் தோலை எரிக்கும். புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அவற்றை எரித்துச் சோறு பொங்குவதோ, கீரைப் பாத்திக்கு வரம்பு கட்டுவதோ, பிள்ளைகள் விளையாடும் இடத்தில் இருக்கையாகப் போடுவதோ கூடவே கூடாது. எங்கே, எந்த வகைக் கழிவாக ஒப்படைப்பது என்பதைச் சுற்றுச்சூழல் இலாகாவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு வகையையும் வெவ்வேறு அடுக்காகப் போடுங்கள். கறுப்பு அடுக்குக்கு அடியில் தார்ப்பாய், மேலே தார்ப்பாய்.

எட்டாம் படி: கல், மதகு, பாலம்

தண்டவாளமும் கட்டையும் போன பின் கருங்கல் ஜல்லி இருக்கும். அதற்கும் விலை உண்டு என்பதால் வழித்தெடுக்கத் துடிப்பார்கள். திட்டு மறுபடி ரயிலுக்கோ நடைபாதைக்கோ பயன்படும் என்றால் ஜல்லியை அங்கேயே சமப்படுத்தி விடுவதே நல்லது. எடுத்தே தீர வேண்டும் என்றால், எடுத்த பகுதியில் அதே வாரத்தில் புல் பத்தை பதியுங்கள். வெறும் மண்ணாகக் கிடக்கும் சரிவை ஒரு மாலை மழை அரித்து மதகுக்குள் தள்ளிவிடும்.

மதகுகளைத் தூர்வாரித் திறந்து வையுங்கள். மூங்கில் கழி நட்ட ஒவ்வோர் இடத்திலும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் ஆளை நிற்கவைத்துத் தண்ணீர் போவதைக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். மதகை மூடிவிட்டுத் திட்டை வெட்டித் திறந்துவிடலாம் என்பவர்கள் வருவார்கள். வெட்டினால் தண்ணீர் மொத்தமும் ஒரே இடத்தில் பாயும். எதிர்ப்பக்கத்தில் இருக்கும் வீடு தாங்காது.

இரும்புப் பாலத்தைப் பொறியாளர் எழுதிக்கொடுத்த முறையில், கிரேன் வைத்து முழு உத்திரமாகத் தூக்க வேண்டும். நடுவில் வெட்டி ஆற்றில் விழவைத்துப் பிறகு பொறுக்குவது குற்றத்துக்குச் சமம். பழைய சாயத்தில் ஈயம் இருக்கக் கூடும் என்பதால் சுரண்டும் தூளும் ஆற்றில் விழக் கூடாது. என்னைக் கேட்டால், பாலம் திடமாக இருந்தால் விட்டுவிடுங்கள் என்பேன். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து 2011 ஜூன் 30-இல் கடைசி ரயில் போன பிறகு 24 கிலோமீட்டர் தடத்தில் தண்டவாளத்தை எடுத்தார்கள். புக்கிட் தீமா இரும்புப் பாலங்களை எடுக்கவில்லை. இன்று மக்கள் அவற்றின் மேல் நடக்கிறார்கள்.

ஒன்பதாம் படி: சாலைக் கடப்பு

தார் ஊற்றி மூடிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பொதுப்பணி இலாகாவோடு நாள் குறித்து, இரவில் பாதிச் சாலையாக மறித்து, தண்டவாளத்தையும் கட்டையையும் முழுதாகத் தோண்டி எடுத்து, அடித்தளக் கல்லிலிருந்து மறுபடி நிரப்பி அமுக்க வேண்டும். கட்டையை உள்ளேயே விட்டால் அது மக்கி, இரண்டு ஆண்டில் சாலை உள்வாங்கும். மோட்டார்சைக்கிளில் போகிறவர் விழுவார்.

பத்தாம் படி: ஒரு மழைக்காலம் கழித்து

கடைசித் தவணைப் பணத்தை ஒரு மழைக்காலம் முடியும்வரை பிடித்துவைக்கும்படி ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அக்டோபர், நவம்பர் மழை நின்றதும், முதலில் எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு அதே நூறு நூறு மீட்டரில் நின்று மறுபடி நான்கு படம் எடுங்கள். சரிந்த சரிவு, அடைத்த மதகு, புல் பிடிக்காத இடம், வெளியே தெரியும் ஆணி ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். எல்லைக் கற்களை எண்ணுங்கள். பாட்டியிடம் போய்க் கோவிலுக்குள் தண்ணீர் வந்ததா என்று கேளுங்கள். அவர் இல்லை என்று சொன்ன பிறகு ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போடலாம்.